நாட்டியல்பும் நளிர்சுரமும்

ஆளுடைய பிள்ளையார் கொங்குநாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது நிகழ்ந்ததொரு செய்தியைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் அருளிச்செய்திருக்கின்றார். பனிக்காலம் வந்தது. பிள்ளையாரைத் தொடர்ந்து வந்த அடியார் கூட்டத்தை நளிர்சுரம் பற்றியது. அடியார்கள் பிள்ளையார் திருமுன் சென்று தம் துன்பத்தை விண்ணப்பித்தபோது, ‘இஃது இந்நிலத்தின் இயல்பு’ என்று சொல்லிக்கொண்டனர். பிள்ளையார், நிலத்தின் இயல்பு அதுவேயாயினும் நம்மை அது வந்தடையாது எனத் திருவாய்மலர்ந்து, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் அருளினார். அடியார் நோய் நீங்கிற்று. அன்று முதல் அந்நாட்டாரும் அந்நோயினின்று நீங்கினர் என்பது வரலாறு.

ஈண்டு இரண்டு கருதற்பாலன. நோயுற்றவர்களே அந்நோயை நாட்டின் இயல்பென்று கூறி அதற்கு இடங்கொடுத்தமை ஒன்று. பிள்ளையார் அக்கூற்றை முடிந்த முடிபாகக் கொள்ளாமையும், தம்முடன் வந்தாரை மட்டும் அழைத்துக்கொண்டு வேற்றுநாட்டிற்குப் போய்விடாமல் அவ்வூரிலேயே இருந்து ஊரார்க்கும் நோய் தீர்த்தமையும் மற்றொன்று. ‘நாட்டியல்பு’ என்னுஞ் சொல் காரணங் கூறுவதுபோலத் தோன்றும். ஆராயுங்கால், அது நோய்க்கு நாம் எழுதிக் கொடுக்கும் அடிமையோலையே என்பது புலனாம்.

கொடிமாடச்செங்குன்றூர் இக்காலத்துத் திருச்செங்கோடு. அவ்வூரை உள்ளடக்கிய நாமக்கல் மாவட்டம் 1997 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாய் இருந்தது. காவிரிக்கும் கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே பரந்த இச்சமவெளியில் பனிக்கால நளிர்சுரத்திற்கு இன்று மருந்துண்டு. ஆனால் வளரும் பிள்ளைகளை வேறு சுரங்கள் பற்றியிருக்கின்றன. அவற்றைக் குறித்து வினவினால் முதியோர் தரும் விடை அப்பழைய விடையே: ‘காலம் அப்படி, ஊர் வழக்கம் இது, நாம் என் செய்வது?’ அச்சுரங்களுள் மூன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு, சித்தாந்த நெறிநின்று அவற்றின் காரணமும் தீர்வும் இவையெனத் தெளிதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாதல்

உயிர் தனித்து நில்லாது. யாதானுமொன்றைச் சார்ந்தே நிற்கும். சார்ந்ததன் வண்ணமாய் விளங்கும் என்பது மெய்கண்ட நூல்களின் துணிபு. பளிங்கானது செம்பூவை அடுத்தவழிச் செந்நிறமும், கருவிளம்பூவை அடுத்தவழி நீலநிறமும் காட்டும். அந்நிறங்கள் பளிங்கிற்கு வந்து கூடியனவேயன்றிப் பளிங்கின் தன்னியல்பு அல்ல. அடுத்த பூவை அகற்றியவழிப் பளிங்கு பளிங்கேயாம்.

இவ்வுண்மையிலிருந்து இளைஞர் வளர்ச்சியைப்பற்றி இரண்டு முடிபுகள் பெறப்படும். ‘இப்பிள்ளை பிறப்பிலேயே கெட்டவன்’ என்று கைவிடுவார் பிழைபட்டார். நிறம் பளிங்கினது அன்று ஆகலின். ‘நல்ல பிள்ளை எங்கிருந்தாலும் நல்ல பிள்ளையே’ என்று கருதி, அவன் எதனைச் சார்ந்திருக்கின்றான் என நோக்காதொழிவாரும் பிழைபட்டார். அடுத்ததன் நிறத்தைக் காட்டாத பளிங்கு இல்லை ஆகலின். முதல்வர் பிள்ளையைப் பழிக்கின்றனர். பின்னவர் பிள்ளையை மறக்கின்றனர். இருவரும் சார்பினை நோக்கினாரல்லர்.

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர் இதனை வேறொரு முகத்தால் விளக்குகின்றார். வேடரிடை அகப்பட்ட அரசிளங்குமரன் ஒருவன் அவருடனே வளர்ந்து, தன்னை அறியாது, தானும் வேடனே என்றிருந்தாற்போல, உயிர் ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்திருக்கின்றது. தந்தையாகிய அரசன் வந்து, ‘நீ என் மகன்’ என்று அறிவித்து அவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளுமாறுபோல, இறைவன் குருவாய் வந்து உணர்த்துகின்றான் என்பது அதன் கருத்து. இவ்வுவமையை வீடுபேற்றிற்கு மட்டும் உரியதாகக் கொண்டு போற்றி வைத்துவிடுகின்றோம். பிள்ளை வளர்ப்பிற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. அரசன் வந்தவுடன் மகனை ஏசவில்லை. ‘ஏன் வேடரோடு கூடினாய்?’ என்று வினவவில்லை. வில்லையும் அம்பையும் பிடுங்கி எறிந்து தொடங்கவுமில்லை. முதற்கண் அவன் யார் என்பதை அவனுக்கு அறிவித்தான். ஏனையவெல்லாம் அதன்பின் நிகழ்ந்தன.

மூன்று விடைகள்

திருச்செங்கோட்டை அடுத்த சிற்றூரொன்றில் ஞாயிறுதோறும் கூடும் திருமுறை வகுப்பொன்றிற்கு ஒருகால் யாம் சென்றிருந்தோம். 15 வயது முதல் 20 வயது வரையுள்ள பிள்ளைகள் இருபதின்மர் அளவில் இருந்தனர். மேற்கூறிய எட்டாஞ் சூத்திரத்தை விளக்கத் தொடங்குமுன், அவர்களை நோக்கி ‘நீ யார்?’ என்னும் வினாவை எழுப்பினோம். பெயரன்றி வேறு விடை வேண்டும் என்றும் கூறினோம்.

முதற்கண் எழுந்த பிள்ளை, ‘நான் 600-க்கு 531’ என்றான். அருகிருந்தோர் நகைத்திலர், அதுவே தக்க விடையென்று அவர்களும் கருதினர் போலும். இரண்டாவது பிள்ளை தன் குலத்தின் பெயரைச் சொன்னான். சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அதே வரிசையில் இருந்த வேறிரு பிள்ளைகளின் தலை தாழ்ந்தது. மூன்றாவது பிள்ளை எழவேயில்லை. வற்புறுத்திக் கேட்டபோது, ‘நான் ஃபெயிலானவனுங்க, போர் வண்டிக்குப் போறேன்’ என்றான். இறுதியில் ஒரு பெண்பிள்ளை, ‘இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லையே’ என்றாள்.

அன்று யாம் கொண்டுபோன உரைக்குறிப்பை மூடி வைத்துவிட்டோம். வேடரிடை வளர்ந்த குமரனை உவமையால் விளக்கவேண்டிய தேவை அங்கே இருந்ததில்லை. எண்ணே தானென்று ஒருவன் இருந்தான். குலமே தானென்று ஒருவன் இருந்தான். தோல்வியே தானென்று ஒருவன் இருந்தான். இவ்விடைகளை அவர்கள் தாமாகப் புனைந்துகொண்டாரல்லர். வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் நாம் அவர்களுக்குக் கற்பித்த விடைகளையே நம்மிடம் திருப்பிக் கூறினர்.

முதற் சுரம்: மதிப்பெண்

நாமக்கல் என்றவுடன் தமிழ்நாட்டார் நினைவிற்கு வருவன மூன்று: முட்டை, லாரி, உறைவிடப்பள்ளி. மூன்றாவது பெயர் பெற்ற வகை அறியத்தக்கது. தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலைக் கல்வி தொடங்கப்பெற்றது. பொறியியல், மருத்துவக் கல்லூரிகளிற் சேர்வதற்கு 1984 முதல் நடந்துவந்த மாநில நுழைவுத்தேர்வு, சிற்றூர்ப் பிள்ளைகளுக்குத் தடையாகின்றதென்று 2007-இல் நீக்கப்பட்டது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே வாழ்வின் திறவுகோல் என்றாயிற்று. முன்னரே இம்மாவட்டத்தில் வேரூன்றியிருந்த உறைவிடப்பள்ளிகள் பெரிதும் தழைத்தன. பல மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் நிலத்தை அடகு வைத்தும் பிள்ளைகளைக் கொணர்ந்து சேர்த்தனர். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவிற் கழித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருவேற்றும் வழக்கமும் பல பள்ளிகளிற் பரவிற்று.

2017-இல் மாநில முதலிடம் பெற்றோர் பெயரை வெளியிடும் முறையை அரசு கைவிட்டது. பதினொன்றாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைத்தது. அப்பொதுத்தேர்வும் 2025-இல் நீக்கப்பட்டது. 2017 முதல் மருத்துவக் கல்விக்கு ‘நீட்’ என்னும் அனைத்திந்திய நுழைவுத்தேர்வு தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கென 7.5 விழுக்காடு இடங்கள் 2020-இல் ஒதுக்கப்பெற்றன. விதிகள் இங்ஙனம் மாறுந்தோறும் பள்ளிகளும் பயிற்சி நிலையங்களும் தம் பெயர்ப்பலகைகளை மாற்றிக்கொண்டன. பிள்ளைகளின் நாட்பொழுது மாறவில்லை. விடியுமுன் எழுப்புதல், இரவு நெடும்பொழுது வரை படிப்பித்தல், ஞாயிறன்றும் தேர்வு, திங்களுக்கொருமுறை பெற்றோர் தூக்குப்போசியில் சோறு கொணர்ந்து மரத்தடியில் ஊட்டிச் செல்லுதல் என்பனவே இன்றும் பல விடுதிகளின் நடைமுறை. அம்மரத்தடியில் தாய் கேட்கும் முதல் வினா ‘சாப்பிட்டாயா?’ என்பது. தந்தை கேட்கும் முதல் வினா ‘எவ்வளவு?’ என்பது.

கல்வியை யாம் பழித்தோமல்லோம். லாரி ஓட்டுநரின் மகள் மருத்துவராயினமையும், விசைத்தறித் தொழிலாளியின் மகன் பொறியாளராயினமையும் இம்மண்ணில் நிகழ்ந்தன, அவை போற்றற்குரியன. யாம் மறுப்பது, மதிப்பெண் பிள்ளையின் கைப்பொருளாய் நில்லாது பிள்ளையின் பெயராகவே மாறிவிடுதலை. ஆணவமலம் எங்கும் நிறையும் இயல்பினதாகிய உயிரை அணுத்தன்மைப்படுத்துவது என்பர் சித்தாந்திகள். ஓருயிரை 600-க்கு 531 என்று மூன்றிலக்கத்துள் அடக்கிவிடுதல் அவ்வணுத்தன்மையை நாமே வளர்த்துக் கொடுப்பதாகாதோ? 531 பெற்றவனுக்கு அது செருக்காகின்றது. 231 பெற்றவனுக்கு அதுவே தாழ்வாகின்றது. செருக்கும் தாழ்வும் ஒரு மலத்தின் இரு முகங்களே.

இதனால் விளையும் கேடு சொல்லளவில் நிற்பதன்று. 2021 செப்டம்பர் 12-ஆம் நாள், சேலம் மாவட்டத்து மேட்டூரை அடுத்த சிற்றூரில், அன்று மருத்துவ நுழைவுத்தேர்வு எழுதவிருந்த மாணவரொருவர் தேர்வுக்கூடம் செல்லாமலே உயிர்நீத்தார். மறுநாள் சட்டமன்றம் அத்தேர்வினின்று விலக்குக் கோரும் சட்டமுன்வரைவை நிறைவேற்றிற்று. 2022-இல் மீண்டும் நிறைவேற்றியும் அது நடுவண் இசைவைப் பெற்றிலது. தேர்வு இருக்கத்தக்கதா, நீக்கத்தக்கதா என்னும் வழக்கை ஆட்சியாளர் முடிப்பாராக. மானுட உடம்பு பெறற்கரியது, உயிர் பக்குவமெய்துதற்கென அருளால் தரப்பெற்ற கருவி என்று ஓதும் நமக்குரிய வினா வேறு. அக்கருவியினும் ஒரு தேர்வு பெரிதென்று அப்பிள்ளைகளுக்குத் தோன்றும்படி நாம் எவ்வெப்போது பேசினோம் என்பதே அது. உள்ளம் சோர்ந்த பிள்ளைகள் எந்நேரமும் பேசுதற்கு 14416 என்னுந் தொலைபேசி எண் அரசினரால் அமைக்கப்பெற்றிருக்கின்றது. அதனை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று. அதனினும் நன்று, பிள்ளை முதலிற் பேசத்தக்கவர் வீட்டிலேயே இருத்தல்.

இரண்டாஞ் சுரம்: குலச்செருக்கு

திருச்செங்கோட்டு மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமான் மாதொருபாகர். ஆயிரத்திருநூற்றுக்கு மேற்பட்ட படிகளையேறிச் சென்று நாம் காண்பது, ஆணும் பெண்ணும் ஒருடம்பாய் நின்ற திருவுரு. சத்தியின்றிச் சிவமில்லை, சிவமின்றிச் சத்தியில்லை என்னும் மெய்ப்பொருளைக் கல்லும் அறியுமாறு காட்டி நிற்கும் தலம் அது.

2015 ஜூன் 23-ஆம் நாள், சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பொறியியல் கற்றுத் தேர்ந்தவர், தம்மோடு படித்த பெண்ணொருத்தியோடு அத்திருக்கோயிலுக்குச் சென்று பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒடுக்கப்பட்ட குலத்தவர். அப்பெண் வேறு குலத்தவர். அதுவொன்றே குற்றமாகக் கருதிய கூட்டத்தார் அவரைக் கடத்திச் சென்றனர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இருப்புப்பாதையில் அவர் உடல் கிடந்தது. கோயிலிற் பொருத்தியிருந்த கண்காணிப்புக் கருவியின் படங்கள் வழக்கிற் சான்றாயின. 2022 மார்ச்சில் மதுரைத் தனி நீதிமன்றம் பதின்மரைக் குற்றவாளிகளெனத் தீர்த்து வாழ்நாட் சிறை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தது.

அம்மையைத் தன் பாகத்து வைத்த பெருமான் திருமுன் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமர்ந்து பேசுதலைக் குற்றமென்று கண்டவர்கள், அம்மலையேறி வழிபட்டது எதனை? இவ்வினாவைச் சைவர்களாகிய நாம் நம்மை நோக்கியே எழுப்புதல் வேண்டும். நீதிமன்றம் கொலைக்குத் தண்டம் விதித்தது. கொலைக்கு வித்தாகிய செருக்கிற்கு எந்நீதிமன்றமும் தண்டம் விதித்தல் இயலாது; அது வீட்டிலும் திருவிழாவிலும் திருமணப் பந்தலிலும் வளர்வது. குலப்பெயர் தாங்கிய கூட்டங்கள் முதியோரை நாடுவதில்லை. கையில் வண்டியும் நெஞ்சில் வேகமும் உள்ள இளைஞரையே நாடுகின்றன. ‘நீ யார்?’ என்று தேடும் வயதில் அவை ஆயத்தமான விடையொன்றைத் தருகின்றன. அவ்விடையைப் பற்றிக்கொண்டவன், பிறன் ஒருவன் தன்னோடு ஒத்து நிற்கக் கண்டால், தன்னையே இழந்துவிட்டவன்போல் அஞ்சுகின்றான்; அவ்வச்சமே வெகுளியாகின்றது.

நம் ஆசிரியர் மரபு இச்செருக்கிற்கு இடங்கொடுத்ததன்று. சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார் ஆதிசைவ மரபினர், முதியவர். அவர் வேளாண் குலத்து வந்த இளங்குழவியாகிய மெய்கண்டாரை வணங்கி மாணாக்கரானார். தில்லைவாழந்தணராகிய உமாபதி சிவாசாரியார் மறைஞான சம்பந்தரைப் பின்தொடர்ந்து, நெசவாளர் வார்த்த பாவுக்கஞ்சியின் மிச்சிலை ஏற்றார். அதனால் தம்மவரால் விலக்கப்பெற்றுக் கொற்றவன்குடியில் வதிந்தார். பெற்றான் சாம்பானுக்கு முத்தியளித்தார் என்பது வரலாறு. திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் அவர்தம் துணைவியாரையும் பிரியாது உடன்கொண்டு சென்றார். திருநீலநக்கர் மனையில் அவர்கள் வேதிகையின் அருகே துயின்றபோது வேள்வித்தீ மேலும் சிறந்து வலஞ்சுழித்து எழுந்தது என்பர் சேக்கிழார். இவற்றைக் குருபூசை நாளிற் கதையாகக் கேட்டு, மறுநாள் தெருவில் மறந்துவிடுகின்றோம். நம் பிள்ளைகள் கதையைக் கற்பதில்லை, மறுநாளைக் கற்கின்றனர்.

பெண்மக்களைப்பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். பிறந்த பெண்மகவைக் கொல்லும் கொடுமை இப்பகுதியில் நிலவியமையால், 1992-இல் சேலத்திலேதான் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதல் தொடங்கப்பெற்றது. மாதொருபாகர் மலையினடியில் மாதரை வளரவொட்டாத வழக்கம் இருந்ததென்பது நம் தலைகுனிவு. அன்று தொட்டிலில் இடப்பெற்றவர்கள் இன்று முப்பது வயது கடந்தவர்கள். அக்கொடுமையும் அக்காலத்தில் ‘ஊர் வழக்கம்’ என்றே சொல்லப்பட்டது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

மூன்றாஞ் சுரம்: மயக்கம்

கள்ளும் சாராயமும் ஒழிதல் வேண்டுமென்று சென்னை மாகாணத்தில் முதன்முதல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது இச்சேலம் மாவட்டத்திலேயே. நாள் 1937 அக்டோபர் 1. அதனைக் கொணர்ந்த இராசகோபாலாச்சாரியார் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்து, உழவரும் நெசவாளரும் குடியால் அழிதலைக் கண்ணாரக் கண்டவர். 1948-இல் அவ்விலக்கு மாகாணமெங்கும் பரவிற்று. 1971-இல் அது தளர்ந்தது; இடையில் மீண்டும் வந்து மீண்டும் நீங்கிற்று; 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்திவருகின்றது. 21 வயது நிரம்பாதார்க்கு விற்றலாகாதென்பது விதி. விதி கடையின் பலகையில் இருக்கின்றது. பிள்ளை கடையின் பின்புறத்தில் இருக்கின்றான்.

போர் வண்டியில் ஏறிப் பல திங்கள் வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டித் திரியும் திருச்செங்கோட்டுப் பிள்ளைகளையும், இரவெல்லாம் லாரியிற் செல்லும் நாமக்கல் பிள்ளைகளையும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறியின் ஓயாத ஓசையில் நிற்கும் பிள்ளைகளையும் நோக்கி, ‘குடிக்காதே’ என்று மட்டும் கூறுதல் எளிது. உடம்பின் நோவும், வீட்டைப் பிரிந்த தனிமையும், ‘ஃபெயிலானவன்’ என்ற பெயரின் கசப்பும் சேர்ந்தே அவர்களை அவ்வழியில் தள்ளுகின்றன. அப்பெயரை இட்டவர் நாம்.

கைபேசியைப்பற்றிப் பலரும் பலவாறு எழுதிவிட்டனர். யாம் ஒன்றே கூறுவோம். 1930-களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தோன்றிப் படங்களை எடுத்துக் குவித்தபோது, இளைஞர் கெட்டனர் என்று முதியோர் அஞ்சினர். ஆனால் படம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஊராரோடு கூடியிருந்து பார்க்கப்பட்டது. கைபேசிக்கு முடிவில்லை, அதனைப் பார்ப்பவன் தனித்திருக்கின்றான். காசு வைத்தாடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நடுவணரசு சட்டத்தால் தடுத்தது, அது வேண்டுவதே. எனினும் ஐம்புல வேடரும் ஒரு சிறு பெட்டியினுள் குடியேறிவிட்ட காலத்தில், பெட்டியைப் பிடுங்குவதால் மட்டும் குமரன் தன்னை அறிந்துவிடான். பிடுங்கும் கையிலும் ஒரு பெட்டி இருக்குமாயின் சொல்லவேண்டுவதில்லை.

தடையும் விடையும்

அற்றேல், இவையெல்லாம் அவரவர் கன்மத்தின்படி வருவன அல்லவோ? வினைப்பயனை மாற்றுதற்கு நாம் யார்? எனின், அறியாது கூறினீர். பிள்ளையார் செங்குன்றூரில் அருளிய பதிகத்தின் தொடக்கக் கருத்தே இத்தடைக்கு விடையாயிற்று. ‘அவ்வினைக்கு இது பயன்’ என்று சொல்லிக்கொண்டே, அதனின்று உய்யும் வழியை நாடாதிருத்தல் நுமக்குக் குறையன்றோ என்பதே அவர் கேட்டருளியது. கன்மக் கொள்கை, தன் துன்பத்தைப் பொறுத்தற்குத் துணையாவது. பிறர் துன்பத்தைப் பார்த்திருத்தற்குச் சாக்காவதன்று.

அங்ஙனமாயின், அரசகுமரன் வேடர் என்னும் உவமையே குலவுயர்வு தாழ்வுகளை ஒப்புக்கொள்வதாகாதோ? எனின், ஆகாது. உவமை ஒரு புடையே கொள்ளப்படும். அங்கே குமரன் என்றது ஓருயிரையன்று, எல்லா உயிரையும். தந்தை என்றது எல்லா உயிர்க்கும் தந்தையாகிய இறைவனை. எல்லாரும் ஒரு தந்தையின் மக்களே எனின், பிறப்பால் வேடராவார் ஒருவருமிலர். வேடர் என்றது புலன்களையே. குலத்தால் வேடராகிய கண்ணப்பரினும் சிறந்த அன்பரை நம் சமயம் அறியாது.

இனி, இச்சார்புகளை மாற்றுதல் அரசின் கடனன்றி நம் கடனாமோ? எனின், இரண்டும் கடனே. மதுக்கடையையும் தேர்வுமுறையையும் குறித்துக் குடிமக்களாய்க் கேட்கவேண்டுவன கேட்போமாக. சட்டம் தீய சார்பை அகற்றவல்லது. நல்ல சார்பாய் வந்து நிற்றல் அதற்கு இயலாது. பூவை அகற்றிய இடம் வெற்றிடமாய் இராது. வேறொரு பூ அங்கே வந்து நிற்கும். அஃது எப்பூவாதல் வேண்டும் என்பது நம் கையிலுள்ளது.

செயற்பாலன

பெரிய திட்டங்களை யாம் கூறவரவில்லை. ஒவ்வோர் ஊர்ச் சபையாரும் அடியார் குழாத்தாரும் செய்யத்தக்க சிலவற்றையே கூறுகின்றோம்.

முதலாவது, பிள்ளையைக் கண்டவுடன் ‘எத்தனை மதிப்பெண்?’ என்று வினவுதலை விடுக. ‘இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கின்றாய்?’ என்று வினவி, விடை வரும்வரை காத்திருக்க.

இரண்டாவது, தேர்வு முடிவு வரும் நாளில் வென்ற பிள்ளையின் வீட்டிற்கு இனிப்போடு செல்வோர், அதே நாளில் அதே இனிப்போடு தோற்ற பிள்ளையின் வீட்டிற்கும் செல்க. மறுதேர்வும் தொழிற்கல்வியும் உண்டென்பதை அன்றே எடுத்துரைக்க. அன்று எவரும் வாராமையே அவனைக் கொல்லுவது.

மூன்றாவது, திருமுறை வகுப்பு ஒரு தெருவார்க்கு உரியதாய் இருத்தலாகாது. எல்லாத் தெருப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஒரு பாயில் அமர்ந்து ஓதுக. பின்னர் ஒரு பந்தியில் உண்க. வடமாநிலங்களிலிருந்து கோழிப்பண்ணைக்கும் தறிக்கும் வந்திருக்கும் இளைஞரும் அப்பந்திக்கு உரியர். அடியார் என்னுஞ் சொல்லுக்கு மொழியில்லை, தெருவில்லை.

நான்காவது, தொழிலுக்குச் சென்ற பிள்ளைகளை மறவாதிருக்க. போர் வண்டியில் தொலைவு சென்றவனோடு கிழமைக்கொருமுறை அக்கைபேசியிலேயே பேசலாம். கருவி குற்றமுடையதன்று, எச்சார்பிற்கு அது வாயிலாகின்றது என்பதே கருதற்பாலது.

ஐந்தாவது, முதியோராகிய நாம் முதலில் மருந்துண்க. பிள்ளைகள் நம் சொல்லைச் சார்வதில்லை, நம்மைச் சார்கின்றனர்.

முன்னர்க் கூறிய வகுப்பில், இறுதியாக விடையிறுத்த பெண்பிள்ளையை யாம் மறந்தோமல்லோம். ‘யாரும் கேட்டதில்லையே’ என்ற அவள் கூற்றே அன்று கிடைத்த விடைகளுள் உண்மையானது. வகுப்பு முடிந்து புறப்படுகையில், எழுந்திராத மூன்றாவது பிள்ளை எம்மருகே வந்து, ‘அந்த ராசா மகனைக் காட்டிலிருந்து கூட்டிவர அப்பன் தானா போனாருங்களா, ஆள் விட்டாருங்களா?’ என்று வினவினான். தானே சென்றான் என்று விடை கூறினோம். அவன் தலையசைத்துவிட்டுச் சென்றான். எம் விடையின் பொருள் எமக்கு வழியிடையே விளங்கிற்று. நாம் இதுகாறும் ஆள் விட்டுக்கொண்டிருக்கின்றோம். ஆசிரியரை விடுகின்றோம், காவலரை விடுகின்றோம், சட்டத்தை விடுகின்றோம். தாமே சென்றார் சிலரே.

பிள்ளையார் செங்குன்றூரில் ஆணையிட்டபோது ‘என்னை’ என்றிலர், ‘எம்மை’ என்றருளினார். சுரம் பற்றாத தாம் சுரம் பற்றினாரோடு சேர்ந்து நின்று பன்மையாற் கூறியதே அப்பதிகத்தின் அருமை. நம் பிள்ளைகளின் சுரத்தை நாட்டியல்பென்று கூறி விலகி நில்லாது, எம் சுரமென்று ஏற்று அவர்தம் அருகே செல்லுதல் நமக்குரிய சிவத்தொண்டாகும். அங்ஙனம் செல்லுதற்குத் திருவருள் முன்னிற்பதாக.